சர்ஃப் ராக் இசைத்துண்டு ஒன்றை அமைப்பது எப்படி: தாளம் முதல் விமர்சனம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கே சொல்லப்போவது பாடல் வரி இல்லாத சர்ஃப் ராக் பற்றி, அதாவது 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அலைச்சறுக்கு மோகத்தோடு வளர்ந்த கிட்டார் இசை பற்றி. பீச் பாய்ஸ் பாணியில் குரல்களை அடுக்குவது வேறு வேலை, அதை இதோடு கலக்க வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மெட்டை முதலில் முடித்துவிட்டு, கடைசியில் அதன்மேல் ரிவர்ப் (ஒலிக்குப் பின்னால் நீளும் எதிரொலி) போடுகிறார்கள். இந்த வகை இசையில் அது நடக்காது. ரிவர்ப் இங்கே மெட்டோடு சேர்ந்து வாசிக்கும் இன்னொரு வாத்தியம். அது எங்கே இடைவெளியை நிரப்பும், எங்கே குழப்பும் என்று தெரியாமல் எழுதிய மெட்டு, ரிவர்ப் வந்ததும் சரிந்துவிடும். அதனால் தாளம், ஒலி, ஸ்கேல், மெட்டு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) உள்ள எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று. ஃபெண்டர் வகை என்றால் நல்லது, ஆனால் கட்டாயமில்லை. இரட்டைச் சுருள் உள்ள தடித்த ஹம்பக்கர் பிக்கப்பில் அடியின் கூர்மை குறையும். பின்னால் வரும் ரிவர்ப் வேலைக்கு அந்தக் கூர்மைதான் முதலீடு.

ஸ்ட்ரிங் 11 அல்லது 12 செட் (எண் கூடினால் கம்பி தடிக்கும்). மெல்லிய 9 செட்டில் வேகமாக மேலும் கீழும் அடித்தால் கம்பி தளதளவென்று ஆடி, சுருதி மேலே போய்விடும். சர்ஃப் கிட்டாரின் முன்னோடி டிக் டேல் இதைவிட மிகத் தடித்த கம்பிகளைப் போட்டவர். அவரை அப்படியே பின்பற்றினால் விரல்தான் கிழியும். கெட்டியான பிக் வேண்டும், வளைகிற பிக் வேண்டாம்.

உண்மையான ஸ்பிரிங் ரிவர்ப் (ஒலியைச் சுருள்கம்பி வழியாக அனுப்பி எதிரொலி உண்டாக்கும் கருவி), அல்லது அதைப் போலச் செய்யும் பெடல், அல்லது மென்பொருள். ‘ஹால்’, ‘பிளேட்’ என்று பெயர் போட்ட ரிவர்ப்கள் எவ்வளவு விலையானாலும் இங்கே உதவாது. டிரம்ஸ் வாசிக்க ஆள் இருந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் டிரம் மென்பொருள் போதும்.

2. ஒரே மெட்டை மூன்று விதமாகக் கேளுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் செய்ய வேண்டிய பயிற்சி இது ஒன்றுதான். ‘வாக், டோன்ட் ரன்’ என்ற மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் ஜானி ஸ்மித் அதை ஜாஸ் கிட்டார் துண்டாக எழுதினார். 1960-இல் வென்ச்சர்ஸ் அதை ராக் ஆக்கி, அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம் வரை கொண்டுபோனார்கள். அதே குழு 1964-இல் அதையே சர்ஃப் ஒலியில் மறுபடி பதிவு செய்து 8-ஆம் இடம் பிடித்தது.

மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டு, எது மாறவில்லை, எது மாறியது என்று இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். மாறாதது மெட்டு. மாறியது தாளம், ரிவர்ப், எந்த வாத்தியம் முன்னால் நிற்கிறது என்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர், தன் துண்டு எடுபடாதபோது மெட்டையே தூக்கி எறிந்துவிடுவார். கோளாறு பல நேரம் அமைப்பில்தான் இருக்கும்.

3. தாளத்தை முதலில் போடுங்கள்

அடிப்படை சர்ஃப் தாளம் நான்கு எண்ணிக்கை கொண்டது. 1-இல் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்). 2-இல் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறிய, கூரிய ஒலியுள்ள டிரம்), 2-க்கும் 3-க்கும் நடுவே இன்னொரு ஸ்னேர். 3-இல் கிக். 4-இல் ஒரே ஒரு ஸ்னேர். வாயால் சொன்னால் ‘தும் – தக – தும் – தா’. ரைடு சிம்பலில் சீரான எட்டாம் சுரங்கள் (ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு அடி) ஓடட்டும்.

டெம்போவை நிமிடத்துக்கு 140 எண்ணிக்கையில் தொடங்குங்கள். முடிக்கும்போது 160, 170 வரை போகலாம். ஆனால் முதலிலேயே அங்கே போனால் கைக்கு முடிந்ததைத்தான் மெட்டாக எழுதுவீர்கள், காதுக்குப் பிடித்ததை அல்ல.

டிரம் மென்பொருளில் வரும் பொதுவான பிழை, இரண்டு ஸ்னேர் அடியும் ஒரே பலத்தில் இருப்பது. இரண்டாவதைக் கொஞ்சம் குறைத்தால் தாளம் நடக்க ஆரம்பிக்கும். இல்லையென்றால் தட்டச்சு அடிப்பதுபோல் இருக்கும்.

4. ரிவர்ப்பை மெட்டுக்கு முன்பே சரிசெய்யுங்கள்

இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

ஃபெண்டர் 1961-இல் ரிவர்ப்பைத் தனிப் பெட்டியாக வெளியிட்டது. அதில் மூன்று திருகுகள்: ட்வெல், மிக்ஸர், டோன். கிட்டாரின் ஒலி எவ்வளவு பலமாக ஸ்பிரிங்கைத் தாக்குகிறது என்பதை ட்வெல் முடிவு செய்யும். திரும்பி வருவதில் எவ்வளவை நாம் கேட்கிறோம் என்பது மிக்ஸர். டோன், அதன் பளிச்சென்ற தன்மை. இன்றைய நல்ல ஸ்பிரிங் பெடல்களும் இதே மூன்றைத் தருகின்றன. கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்புக்குள்ளேயே இருக்கும் ரிவர்ப்பில் பெரும்பாலும் ஒரே திருகுதான் இருக்கும், அது மிக்ஸர். ட்வெல் இல்லாததால்தான் அதில் எவ்வளவு திருகினாலும் ‘அந்த ஒலி’ வருவதில்லை.

‘அந்த ஒலி’க்கு வாசிப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டிரிப்’. கீழ்க் கம்பியை (சுருதி குறைந்த தடித்த கம்பி) உள்ளங்கை ஓரத்தால் லேசாக அழுத்திக்கொண்டு குட்டையாக ஓர் அடி அடித்தால், அடியோடு சேர்ந்து ஈரமான ஒரு ‘ப்ளிக்’ கேட்க வேண்டும். அடி கூர்மையாக இருந்து, ஸ்பிரிங் நன்றாக உதைபட்டால்தான் அது வரும்.

தொடக்க அமைப்பு: ட்வெல் பாதிக்குச் சற்று மேலே, மிக்ஸர் பாதிக்குக் கீழே, டோன் நன்றாக மேலே. பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கப் பிக்கப். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மிக்ஸரை முழுக்கத் திருப்பி, ட்வெல்லைத் தொடாமல் விடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் மைக் வைத்தது மாதிரி ஒரு மூட்டம் வரும், டிரிப் வராது.

வரிசையும் முக்கியம். கிட்டார், பிறகு ரிவர்ப், அதன்பின் ஆம்ப். ஆம்ப் சுத்தமாக, டிஸ்டார்ஷன் இல்லாமல். ரிவர்ப்புக்கு முன்னால் டிஸ்டார்ஷன் வைத்தால் அடியின் முனை மழுங்கி, ஸ்பிரிங்குக்கு உதைக்க ஒன்றும் கிடைக்காது. பின்னால் வைத்தால் ரிவர்ப்பின் வாலே நசுங்கி இரைச்சலாகும். மென்பொருளில் செய்பவர்களும் ஸ்பிரிங்கை ஆம்ப் மாதிரிக்கு முன்னால் வையுங்கள். பலர் பழக்கத்தில் கடைசியில் வைப்பார்கள்.

5. ஸ்கேலைத் தேர்ந்தெடுங்கள்: நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று

டிக் டேல் 1962-இல் வெளியிட்ட ‘மிசிர்லூ’ கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் பழைய மெட்டு. அரபு, துருக்கிய இசையில் ஹிஜாஸ் கார் என்று சொல்லும் சுர வரிசையில் அதன் முக்கியப் பகுதி ஓடுகிறது. சர்ஃப் ராக்குக்கு அந்தக் ‘கிழக்கத்திய’ வாடை ஒட்டிக்கொண்டதில் இந்தத் துண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. டேலின் தந்தை வழிக் குடும்பம் லெபனான் பூர்வீகம், அந்த மெட்டு அவருக்கு வீட்டிலிருந்தே வந்தது.

அந்தச் சுர வரிசை கர்நாடக சங்கீதத்தில் 15-ஆவது மேளகர்த்தா. மாயாமாளவகௌளை. சரளி வரிசை கற்றவர் எவருக்கும் இது கையில் இருக்கிறது.

தடித்த ஈ (E) கம்பியைச் சட்ஜமாக வைத்தால், ஒரே கம்பியில் ஃப்ரெட் எண்கள் இவை:

- ச – திறந்த கம்பி
- சுத்த ரிஷபம் – 1
- அந்தர காந்தாரம் – 4
- சுத்த மத்யமம் – 5
- பஞ்சமம் – 7
- சுத்த தைவதம் – 8
- காகலி நிஷாதம் – 11
- மேல் ச – 12

ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவிலும், தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவிலும் மூன்று ஃப்ரெட் பள்ளம் இருப்பதைக் கவனியுங்கள். இந்த ஸ்கேலின் முகமே அந்த இரண்டு பள்ளங்கள்தான். ரிஷபத்திலோ தைவதத்திலோ நின்று, கேட்பவரைக் காக்க வைத்து, அப்புறம் தாண்டுங்கள்.

சங்கீதம் கற்றவர்கள் இங்கே இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஒன்று, படிப்படியாக ஏறி இறங்குவது. எவ்வளவு ரிவர்ப் போட்டாலும் அது சரளி வரிசையாகவே கேட்கும், வீட்டில் பாட்டி சிரிப்பார். இன்னொன்று, ஒவ்வொரு சுரத்துக்கும் கமகம் கொடுப்பது. வேகமாக அடிக்கும் பிக்கும் கமகமும் ஒன்றையொன்று கெடுக்கும். அசைவு வேண்டுமென்றால், ஒரு வாக்கியத்தின் கடைசிச் சுரத்தில் மட்டும் டிரெமலோ கைப்பிடியை (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டுவது) லேசாக அழுத்தி விடுங்கள்.

மாயாமாளவகௌளைதான் வேண்டும் என்பதில்லை. ஷான்டேஸ் குழுவின் ‘பைப்லைன்’ ஈ மைனரில் நிற்கிறது. சர்ஃபாரிஸின் ‘வைப் அவுட்’ சாதாரணப் பன்னிரண்டு பார் புளூஸ்தான் (பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று). ஆனால் முதல் துண்டுக்கு, காதுக்கு ஏற்கெனவே பழகிய ஸ்கேல் நல்லது.

6. முதல் பகுதியை ஒரே கம்பியில் எழுதுங்கள்

‘மிசிர்லூ’வின் பிரபலமான தொடக்கம் ஒரே தடித்த கம்பியில் வாசிக்கப்பட்டது. இந்தக் கட்டுப்பாட்டை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பியில் இருக்கும்போது கை மேலும் கீழும் வழுக்கித்தான் ஆக வேண்டும். அந்த வழுக்கல் ஓசை இந்த இசைக்குச் சொந்தமானது. கம்பி விட்டுக் கம்பி தாவினால் வசதியாக இருக்கும், ஆனால் அது காணாமல் போகும்.

முதலில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, தாளத்தை ஓடவிட்டு, வாயால் முணுமுணுங்கள். நீண்ட சுரங்கள். ஒரு பாருக்கு இரண்டு மூன்று சுரத்துக்கு மேல் வேண்டாம். முணுமுணுக்க முடியாத மெட்டு இங்கே பிழைக்காது. டிரெமலோ பிக்கிங் என்பது மெதுவான ஒரு மெட்டின் ஒவ்வொரு சுரத்தையும் பொடிப்பொடியாக நறுக்குவது, அவ்வளவுதான். வேகம் பிக்கில் இருக்கிறது, மெட்டில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் மெட்டையும் வேகமாக எழுதுபவர்கள்தான் அதிகம்.

அதற்குப் பிறகு பிக். 170 டெம்போவில் பதினாறாம் சுரங்கள் (ஓர் எண்ணிக்கைக்கு நான்கு அடி) என்றால் நொடிக்கு 11 அடிக்கு மேல். முழங்கையிலிருந்து அடித்தால் ஒரு நிமிடத்தில் தோள் இறுகிவிடும். மணிக்கட்டிலிருந்து, சிறிய வீச்சில், பிக்கின் நுனி மட்டும் கம்பியைத் தொடும்படி அடியுங்கள். மெட்ரனோமில் 100-இல் தொடங்கி, சுத்தமாக வந்த பிறகே ஏற்றுங்கள்.

எல்லாச் சுரத்தையும் நறுக்க வேண்டியதில்லை. நான்கு பார் நறுக்கி, அடுத்த இரண்டு பார் உள்ளங்கையால் அழுத்திய குட்டை அடிகளாக விட்டால், நான்காம் படியில் பாடுபட்டுச் செய்த டிரிப் வெளியே கேட்கும்.

7. கார்டுகள்: பஞ்சம கார்டில் வரும் விபத்து

பேஸ், ரிதம் கிட்டார் இரண்டும் இங்கே சேர்கின்றன. ஈ சட்ஜம் வைத்த மாயாமாளவகௌளையில் ஈ மேஜர், எஃப் மேஜர், ஏ மைனர் மூன்றும் ஸ்கேலுக்குள்ளேயே கிடைக்கும். இந்த மூன்றே ஒரு முழுத் துண்டுக்குப் போதும். ஈ, எஃப் இரண்டுக்கும் நடுவே ஆடினாலே சூடு பிடிக்கும்.

ராக் பழக்கத்தில் வருபவர்கள் ஈ-க்குத் திரும்ப, பஞ்சமமான பி-யின் மேல் பி மேஜர் அல்லது பி செவன் போடுவார்கள். பி மேஜரில் எஃப் ஷார்ப் இருக்கிறது. உங்கள் மெட்டில் இருப்பது எஃப். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால், கிட்டார் சுருதி கலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி டியூன் செய்துகொண்டிருப்பீர்கள். அந்த இடத்தில் எஃப் மேஜரைப் போடுங்கள். ஈ மைனரில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே பி செவன் நன்றாகவே வேலை செய்யும்.

8. இரண்டாம் பகுதியும் இடைவெட்டும்

முதல் பகுதி கீழ்க் கம்பியில் இருந்ததால் இரண்டாம் பகுதியை மேல் கம்பிகளுக்குக் கொண்டுபோங்கள். நறுக்குவதை நிறுத்தி, சுரங்களை நீளமாகப் பாடவிடுங்கள். ஏ மைனருக்கு மாறினால் ஜி ஷார்ப் ஜி ஆகும், டி ஷார்ப் டி ஆகும், வெளிச்சம் மாறிவிடும். திரும்பி வர ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று இறங்கினால் வீடு வந்து சேரலாம். ‘வாக், டோன்ட் ரன்’ முதல் எத்தனையோ துண்டுகளில் இருக்கும் இறக்கம் இது. அதனால் கார்டு பொதுவாக இருக்கலாம், மேலே ஓடும் மெட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

ஓர் இடைவெட்டு வேண்டும். அதில் ஒரு வாத்தியம் மட்டும் தனியாக நிற்கட்டும். ‘வைப் அவுட்’டில் அது ரான் வில்சனின் டிரம்ஸ். ‘பைப்லைன்’ தொடக்கத்தில் கம்பியில் வழுக்கி இறங்கும் அந்த ஒற்றை ஓசை. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டு மற்றவர்கள் சும்மா இருங்கள்.

மொத்த நீளம் இரண்டு, இரண்டரை நிமிடம். அதைத் தாண்டினால் எதையோ திரும்பச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

9. பதிவு: யார் முன்னால்?

கிட்டாரின் வெறும் ஒலியை ஒரு தடத்திலும், ரிவர்ப் சேர்ந்ததை இன்னொரு தடத்திலும் பதிவு செய்யுங்கள். கேட்டுக்கொண்டே வாசிப்பது ரிவர்ப் சேர்ந்த தடமாக இருக்கட்டும். வெறும் ஒலியைக் கேட்டு வாசித்தால் இடைவெளிகளை நீங்களே நிரப்பத் தொடங்கிவிடுவீர்கள்.

மிக்ஸில் புதியவர் முதலில் செய்வது லீட் கிட்டாரை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றுவது. ‘பைப்லைன்’ பதிவில் பேஸ், எலக்ட்ரிக் பியானோ, ரிதம் கிட்டார் முன்னால் நிற்கின்றன. லீட் கிட்டாரும் டிரம்ஸும் சற்றுப் பின்னால் இருக்கின்றன. அந்தத் துண்டு தனித்துக் கேட்பதற்கு இது பெரிய காரணம். லீட்டை ஒரு படி இறக்கி, பேஸை ஏற்றி ஒருமுறை கேளுங்கள். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

பேஸுக்கு ரிவர்ப் வேண்டாம். அடி கரைந்துவிடும்.

10. பெயரும் உரிமையும்

வரி இல்லாத துண்டுக்குப் பெயர்தான் ஒரே வார்த்தை. அதனால் கடைசியில் வையுங்கள். ‘பைப்லைன்’ முதலில் ‘லிபர்ட்டிஸ் விப்’ என்ற பெயரில் இருந்தது. ஹவாயின் பன்சாய் பைப்லைன் அலைகளைக் காட்டிய ஒரு சர்ஃபிங் படத்தைப் பார்த்த பிறகே குழு பெயரை மாற்றியது. பழைய பெயரோடு அதைக் கேட்டால் குதிரை வண்டி ஞாபகம்தான் வரும் என்பது என் அபிப்பிராயம்.

உரிமை விஷயத்தில் சோம்பல் வேண்டாம். ‘மிசிர்லூ’ நாட்டுப்புற மெட்டுதானே என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அது நிக் ரூபானிஸ் பெயரில் பதிவானது. மீள்பதிவு செய்பவர்கள் அனுமதி வழியைப் பார்க்க வேண்டும். பீச் பாய்ஸின் ‘சர்ஃபின் யு.எஸ்.ஏ.’ சக் பெர்ரியின் ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’ மெட்டின்மேல் கட்டியது, பின்னாளில் இயற்றியவர் இடத்தில் அவர் பெயரும் ஏறியது. உங்கள் மெட்டை முணுமுணுத்துக் காட்டி, இது எதையாவது நினைவுபடுத்துகிறதா என்று நான்கு பேரிடம் கேட்டுவிடுங்கள். ஸ்கேல் ஒத்துப்போவது குற்றமில்லை. ஒரே சுர வாக்கியம் ஒரே நடையில் வந்தால் மாற்றுங்கள்.

11. விமர்சனத்தைப் படிப்பது

முதலில் பழைய துண்டுகளின் வரவேற்பைப் படிக்கப் பழகுங்கள். பட்டியல் இடமும் விமர்சனமும் வேறு வேறு. 1963-இல் ‘பைப்லைன்’ 4-ஆம் இடமும் ‘வைப் அவுட்’ 2-ஆம் இடமும் பிடித்தன என்பது விற்பனையும் வானொலியும் சொன்ன கணக்கு. ‘வைப் அவுட்’ ஒரு சிங்கிளின் பின்பக்கத்துக்காக அவசரமாகச் செய்த துண்டு. முன்பக்கமாக நினைத்த ‘சர்ஃபர் ஜோ’வை இன்று நினைப்பவர் குறைவு.

விமர்சனம் எழுதிய ஆண்டையும் பாருங்கள். ‘மிசிர்லூ’ 1994-இல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் தலைப்பு இசையாக வந்தது. அதற்குப் பிறகு எழுதியவர்கள் அதில் ஆபத்தையும் பரபரப்பையும் கேட்கிறார்கள். 1962-இல் நடன அரங்கில் கேட்டவர்களுக்கு அது ஆடுவதற்கான இசை. இரண்டு கருத்தையும் ஒரே தட்டில் வைத்தால் குழப்பம்தான்.

அப்புறம் உங்கள் துண்டு. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த இடத்தில் கவனம் போனது, கேட்டு முடித்த பிறகு எதை முணுமுணுக்க முடிகிறது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். முணுமுணுக்க எதுவும் இல்லையென்றால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள். எல்லோருக்கும் ஒரே இடத்தில் கவனம் போனால் அங்கே நான்கு பார் வெட்டுங்கள்.

‘ரிவர்ப் அதிகம்’ என்ற கருத்து கட்டாயம் வரும். சர்ஃப் கேட்டுப் பழகாதவர் சொன்னால் விட்டுவிடலாம். பழகியவர் சொன்னால் மிக்ஸரை இறக்குங்கள், ட்வெல்லைத் தொடாதீர்கள். ‘எல்லா சர்ஃப் பாட்டும் இப்படித்தானே’ என்பவரிடம் வாதாட வேண்டாம், அவர் சொல்வது இரண்டாம் பகுதியைப் பற்றியதாக இருக்கலாம். அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டி, மறுபடி கேளுங்கள்.

திருத்தம் தேவைப்பட்டால் மறுபடி வாசிக்க அவசரப்படாதீர்கள். வெறும் ஒலித் தடம் கையில் இருக்கிறதல்லவா, அதை ரிவர்ப் வழியாகப் புதிய அமைப்பில் மறுபடி அனுப்பி, அதே கேள்விகளோடு வேறு இருவரிடம் கொடுங்கள்.